யாருடைய மகன், யாருடைய ஆள்?

வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி. இந்தப் பெயரை நிதானமாகப் பிரித்துப் படியுங்கள். வலங்கைமான், பிறந்த ஊர். சங்கரநாராயண, தகப்பனார் பெயர். சீனிவாச, அவருக்கு வைத்த பெயர். சாஸ்திரி, சாதி கொடுத்த பட்டம். 1869இல் பிறந்து 1946இல் மறைந்த இவரைத்தான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. கோகலேவுக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜென்ட். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பிறந்ததோ ஏழைப் புரோகிதர் வீட்டில். வீட்டில் காசு இல்லை. ஆனாலும் பெயரில் ஒரு பகுதிகூடக் குறையவில்லை. ஊர் இருந்தது, தகப்பன் இருந்தார், பட்டமும் இருந்தது.

அதே காலத்தில் அதே காவிரிப் பாசனத்தில், சேரியில் பிறந்த ஒரு பண்ணையாள் பிள்ளைக்கு என்ன பெயர் இருந்தது? ஒரே ஒரு சொல். அதற்குப் பின்னால் சாதி. "இன்னான் பறையன்", "இன்னான் பள்ளன்". ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ஏனென்றால் டெல்டாவில் ஊர் என்றால் அதில் சேரி சேராது. ஊர் வேறு, சேரி வேறு. தகப்பன் பெயரைக் கேட்பாரும் இல்லை. கேட்ட கேள்வி வேறு: "நீ யார் வீட்டு ஆள்?"

நம்மில் பலர் பெயருக்கு முன்னால் உள்ள ஓர் எழுத்தை, அந்த இனிஷியலை, ஏதோ பாரம் நிரப்பும் சடங்கு என்று நினைக்கிறோம். அது அப்படிப்பட்டதல்ல. "யாருடைய ஆள்" என்று மட்டுமே கேட்கப்பட்ட ஒரு சனம், "யாருடைய மகன், யாருடைய மகள்" என்று கேட்கப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்ததன் அடையாளம் அது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்ல் என்றால் யார்?

தகப்பன் பெயரை வைத்து மகனுக்குப் பெயரிடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. உலகத்தில் பல இடங்களில் இருந்தது. அதற்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டும் நாடு சுவீடன்.

சுவீடனில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று கார்ல்சன். கார்ல் என்பவருடைய மகன் என்று பொருள். நம் மொழியில் 'உடைய' செய்யும் வேலையை அவர்கள் மொழியில் ஒரு 'ஸ்' செய்கிறது. அதோடு மகனைக் குறிக்கும் 'சன்' சேர்ந்தால் பெயர் முடிந்தது. ஆண்டர்ஸ் மகன் ஆண்டர்சன், யோகான் மகன் யோகான்சன். முன்காலத்தில் இது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கார்லின் மகன் எரிக், எரிக் கார்ல்சன். அந்த எரிக்கின் மகன் எரிக்சன் ஆவான், மகள் எரிக்ஸ்டாட்டர் ஆவாள். நம் இனிஷியல் எப்படித் தலைமுறைதோறும் மாறுகிறதோ அப்படியே.

சரி, கார்ல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? 'ஆண்', 'சுதந்திரமான குடியானவன்' என்று அந்த மொழிக் குடும்பத்தின் பழைய வழக்கு சொல்கிறது. பிரபுவும் அல்ல, அடிமையும் அல்ல. சொந்தக் காலில் நிற்கும் மனிதன். வட ஐரோப்பாவின் பழைய பாடல்களில் 'ரிக்ஸ்துலா' என்று ஒன்று உண்டு. ரிக் என்ற கடவுள் மூன்று வீடுகளுக்குப் போகிறான். அந்த வீடுகளில் மூன்று பிள்ளைகள் பிறக்கிறார்கள்: திரால், கார்ல், யார்ல். அடிமை, குடியானவன், பிரபு. புருஷ சூக்தத்தில் தலை, தோள், தொடை, கால் என்று மனிதர்களைப் பிரித்த கதை நமக்குத் தெரியும். அதே வேலையைத்தான் அந்தப் பாட்டும் செய்கிறது.

அந்தப் பாட்டில் அடிமையின் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஒருவன் பெயருக்கு நாற்றம் பிடித்தவன் என்று பொருள். இன்னொருவன் பெயர் மாட்டை மொய்க்கும் கடி ஈ. மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தின் 31ஆவது சுலோகமும் இதையே விதியாக எழுதி வைத்திருக்கிறது. பிராமணன் பெயர் மங்கலமாக, சத்திரியன் பெயர் வலிமையாக, வைசியன் பெயர் செல்வமாக, சூத்திரன் பெயர் இழிவாக இருக்க வேண்டுமாம். சூத்திரனுக்கே இழிவான பெயர் என்றால் வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனுக்கு எது மிஞ்சும்?

சுவீடனில் 1335ஆம் ஆண்டு அரசர் மாக்னுஸ் எரிக்சன், கிறித்தவப் பெற்றோருக்குப் பிறந்த யாரும் அடிமையாக இருக்கக் கூடாது என்று ஆணையிட்டார். ஆணையிட்டவர் பெயரிலேயே தகப்பன் பெயர் இருக்கிறது: எரிக்கின் மகன். அடிமை முறை ஒழிந்த பிறகும் பெயரில் மேல் கீழ் ஒழியவில்லை. பிரபுக்கள் பொன் நட்சத்திரம் என்பது போன்ற பொருளில் பகட்டான குலப்பெயர் வைத்துக்கொண்டார்கள். நகரத்துக்காரர்கள் மரம், மலை, ஓடை என்று இயற்கைப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். வெறும் தகப்பன் பெயரோடு நின்றவர்கள் உழவர்கள். 1901ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டத்தை ஒட்டி அந்தப் பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்துபோயின. இன்று கார்ல்சன் என்பவரின் தகப்பன் பெயர் கார்லாக இருக்க வேண்டியதில்லை.

சுவீடனில் தகப்பன் பெயர் உழவனின் அடையாளம். காவிரி டெல்டாவிலோ உழுதவனுக்கு அதுவும் மறுக்கப்பட்டது. இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தகப்பன் இல்லாத அடிமை

அடிமைத்தனத்தை உலக அளவில் ஆராய்ந்த ஜமைக்கா நாட்டுச் சமூகவியலாளர் ஆர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான கருத்தை வைத்தார். அடிமையை அடிமையாக்குவது சங்கிலியும் சவுக்கும் மட்டுமல்ல. அவனுடைய பிறப்பு உறவை அறுப்பதுதான் அடிப்படை. அவனுக்குத் தகப்பன், பாட்டன், மகன் என்று ஒரு வரிசை உண்டு என்பதைச் சமூகம் ஏற்க மறுக்கிறது. அவனுக்கு எஜமானன் மட்டுமே உறவு. அதனால்தான் எஜமானன் பெயர் வைக்கிறான், பெயரை மாற்றுகிறான், சுருக்குகிறான்.

தஞ்சைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சட்டப்படி அடிமை முறை 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் பண்ணை முறை தொடர்ந்தது. தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் அதே மிராசுதாரிடம் ஆளாக நின்றான். அவன் மனைவி அதே வயலில் நாற்று நட்டாள். பிள்ளை அதே வீட்டு மாடு மேய்த்தான். அதாவது, மிராசுதாருக்கு அந்தத் தகப்பன் மகன் உறவு தெரியாமல் இல்லை. கடனை வசூலிக்கும்போது நன்றாகவே தெரிந்தது. பெயர் சொல்லும்போது மட்டும் மறந்துபோனது.

முனுசாமி என்று பெற்றவர்கள் பெயர் வைத்தால் பண்ணையில் அது முனியன் ஆனது. 'சாமி' என்ற சொல்லை ஓர் ஆளின் பெயரோடு சேர்த்துச் சொல்ல ஆண்டைக்கு நாக்கு வரவில்லை. குப்பன், மண்ணாங்கட்டி, பிச்சை போன்ற பெயர்களைப் பிள்ளை தங்க வேண்டும் என்ற வேண்டுதலுக்காக எல்லாச் சாதியாரும் வைத்ததுண்டு. ஆனால் மற்ற வீடுகளில் அந்தக் குப்பன் வளர்ந்து பெரியவனானால் பின்னால் ஒரு பட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். நம் வீட்டுக் குப்பன் எழுபது வயதிலும் குப்பன்தான். ஆண்டை வீட்டுப் பேரன்கூட அவரை "டேய் குப்பா" என்றே கூப்பிட்டான்.

இந்த நிலைமை தானாக மாறவில்லை. சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் 1940களில் சேரி சேரியாகச் சங்கம் கட்டினார்கள். 1952இல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டது அவர்கள் செய்த குற்றம். 1971இல் குடியிருப்பு மனைகளுக்கு உரிமை தரும் சட்டம் வந்தது. அந்த மனைப்பட்டாவில் ஒரு சிறிய குறிப்பு இருக்கும்: 'த/பெ'. தந்தை பெயர். ஊர் மண்ணோடு சேர்த்துத் தன் தகப்பன் பெயர் எழுதப்பட்ட ஒரு காகிதத்தை நம் குடும்பங்களில் பலர் முதன்முதலாகக் கையில் வாங்கியது அப்போதுதான்.

இரண்டு சீனிவாசன்கள்

1930 நவம்பரில் லண்டனில் வட்டமேசை மாநாடு தொடங்கியது. அந்த மேசையில் தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு சீனிவாசன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நம் வலங்கைமான்காரர், சீனிவாச சாஸ்திரி. இன்னொருவர் அண்ணல் அம்பேத்கரோடு தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாகப் போன இரட்டைமலை சீனிவாசன்.

இரட்டைமலை என்பதை ஓர் ஊர் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஊர் அல்ல. அவருடைய தகப்பனார் பெயர். தாத்தா இரட்டைமலை சீனிவாசன், தன் தகப்பன் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்காமல் முழுசாகத் தன் பெயருக்கு முன்னால் நிறுத்தியே வரலாற்றில் நிற்கிறார். தமிழில் ஒரு கார்ல்சன் உண்டென்றால் அது அவர்தான்.

இந்தப் பெயரின் எடை தெரிய வேண்டுமானால் அவருடைய இளமைக் காலத்தைப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் படித்தபோது உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணர்கள். சாதி, குடும்பம், இருப்பிடம் ஆகியவை தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று பயந்து, மற்ற மாணவர்களோடு சேராமல் ஒதுங்கியே இருந்ததாகத் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார். கவனியுங்கள்: சாதி, குடும்பம், இருப்பிடம். சாஸ்திரியாருக்கு எந்த மூன்றும் பெயரிலேயே பெருமையாக வெளியில் நின்றனவோ, அந்த மூன்றையும் இவர் மறைக்க வேண்டியிருந்தது. அப்படி மறைத்து வாழ்ந்த சிறுவன்தான் வளர்ந்து 1893இல் 'பறையன்' என்றே ஒரு பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். மறைத்த சாதியைப் பத்திரிகையின் தலையில் போட்டார். குடும்பத்தைத் தன் பெயருக்கு முன்னால் போட்டார்.

அவருடைய சமகாலத்து எம்.சி. ராஜாவின் பெயரும் அப்படித்தான். மயிலை சின்னத்தம்பி ராஜா: ஊர், தகப்பன், தன் பெயர். சாஸ்திரியார் பெயரின் அதே அமைப்பு, சாதி வால் மட்டும் இல்லை. 1922இல் அவர் எடுத்த முயற்சியால்தான் சென்னை மாகாண அரசு ஆவணங்களில் இழிவாக வழங்கிய பெயர்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்ற பெயர் ஏற்கப்பட்டது. பெயர் என்பது அவர்களுக்கு அலங்காரம் அல்ல, அரசியல்.

அயோத்திதாசப் பண்டிதரோ இன்னொரு வழியை எடுத்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தனக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டார். பிறப்பால் வந்த வரிசைக்குப் பதில் அறிவால் வந்த வரிசை. அதுவும் ஒரு மகன் முறைதான்.

கப்பல் ஏட்டில் ஒரு தகப்பன்

இரண்டு சீனிவாசன்களுக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. இருவரும் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்தவர்கள். சாஸ்திரியார் 1927 முதல் 1929 வரை ஏஜென்ட். அதற்கு முன்பே இரட்டைமலை சீனிவாசன் பல ஆண்டுகள் அங்கே இருந்தார். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அங்கே அவர்கள் பார்த்த தமிழர்கள் யார்? 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒன்றரை லட்சம் இந்தியர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அவர்களில் பெரும் பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள்.

அந்தக் கப்பல்களின் பயணிகள் ஏடுகள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம். வெள்ளைக்காரன் அன்பால் எழுதியதல்ல இது. ஓடிப்போனால் பிடிப்பதற்கும் கணக்கு முடிப்பதற்கும் எழுதியது. ஆனாலும் பாருங்கள், சொந்த ஊர் எழுதி வைக்காத தகப்பன் பெயரைக் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கப்பல் எழுதி வைத்தது. இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து தன் வேரைத் தேடி வருகிறவர்கள் அந்த ஏட்டைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

அங்கே சுவீடனில் நடந்ததே நடந்தது. பட்டம் உள்ளவர்களின் பட்டம் குடும்பப் பெயராக உறைந்தது: நாயுடு, பிள்ளை, முதலி, கவுண்டர். பட்டம் இல்லாதவர்களுக்குப் பாட்டன் பெயரே உறைந்தது: முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி. பண்ணையில் முனியனாகச் சுருக்கப்பட்ட முனுசாமி, கடல் தாண்டிய பிறகு ஒரு குடும்பத்துக்கே தலையெழுத்தானார்.

வால் போனது, கேள்வி போகவில்லை

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெரியார் அதற்கு முன்பே நாயக்கர் பட்டத்தை விட்டிருந்தார். அன்று தொடங்கியதன் பலனைத் தமிழ்நாடு இன்றும் அனுபவிக்கிறது. வட இந்தியாவில் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். 2007இல் சுகதேவ் தோரட், பால் ஆட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களை வெவ்வேறு குடும்பப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 3 என்றால் தலித் பெயருக்கு 2 தான். அந்த விதத்தில் நம் பிள்ளைக்கு இனிஷியல் ஒரு கவசம்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பட்டம் இருந்தவர்கள் பட்டத்தை விட்டார்கள். அது நல்ல காரியம். நமக்கு விடுவதற்குப் பட்டம் இல்லை. ஈரோடு வெங்கடப்பர் ராமசாமி நாயக்கர் என்பதில் நாயக்கரை எடுத்தால் ஊரும் தகப்பனும் மிஞ்சும். 'முனியன் பறையன்' என்பதில் பின்னால் உள்ளதை எடுத்தால் முனியன் மட்டும் தனியாக நிற்பான். அவனுக்கு முன்னால் தகப்பனை எழுத வேண்டும். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஆசிரியர் "அப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டு எழுதிய நாளில்தான் அது நடந்தது. மற்றவர்களுக்கு இனிஷியல், கழித்தது போக மிஞ்சியது. நமக்கு அது புதிதாகச் சம்பாதித்தது. இரண்டும் பார்க்க ஒரே எழுத்துத்தான். வரலாறு வேறு.

இன்னொன்று, பெயரில் தெரியாததை மனிதர்கள் வேறு வழியில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். "எந்த ஊரு?" "அங்க எந்தத் தெரு?" இரண்டாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாகிவிட்டது என்பதால் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது இதனால்தான். கோயம்புத்தூரில் இரட்டைமலை சீனிவாசன் பயந்த அதே கேள்விதான் இது. பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

அம்மாவின் எழுத்து

இந்தக் கணக்கில் இதுவரை ஒரு பெயர் வரவே இல்லை. அம்மா பெயர்.

சுவீடனில் பெயர்கள் உறைந்தபோது 'டாட்டர்' அழிந்தது, 'சன்' நின்றது. அதனால் கார்ல்சன் வீட்டுப் பெண்ணும் 'கார்லின் மகன்' ஆனாள். 2017இல் அங்கே நடைமுறைக்கு வந்த பெயர்ச் சட்டத்தில் தாயின் பெயரோடும் 'டாட்டர்' சேர்த்து வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. இங்கே நம் பெண்களுக்குக் கல்யாணம் வரை 'த/பெ', அதன் பிறகு 'க/பெ'. டெல்டாவில் நாற்றுப் பறித்ததும் நட்டதும் களையெடுத்ததும் பெண்கள். கீழ்வெண்மணியில் எரிந்தவர்களில் அதிகம் பெண்களும் குழந்தைகளும். ஆனால் பதிவேட்டில் அவர்கள் யாருக்கும் தலையெழுத்து இல்லை.

ஆண்டை நம் அப்பனுக்குச் செய்ததை நாம் நம் அம்மாவுக்குச் செய்துகொண்டிருக்கிறோமா என்று யோசிக்க வேண்டும். உழைப்பை வாங்கிக்கொள்வது, பெயரை எழுதாமல் விடுவது. சட்டம் இப்போது குறுக்கே நிற்கவில்லை. 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவர் பெயர் போதும். எனவே கூச்சம்தான் மிச்சம்.

தோழர்களிடம் கேட்பது மூன்று. ஒன்று, உங்கள் இனிஷியலை விரித்து எழுதிப் பாருங்கள். அதற்கு முந்தைய பெயரையும், அதற்கும் முந்தைய பெயரையும் வீட்டில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். மூன்று தலைமுறை தாண்டாமல் நின்றுவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அது உங்கள் மறதி அல்ல, எழுத மறுத்தவர்களின் கணக்கு. இரண்டு, அம்மாவின் எழுத்தையும் சேருங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே சேருங்கள். மூன்று, நம் பெரியவர்களை அவர்களுடைய முழுப் பெயரால் அழைக்காத எவரையும் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். முனுசாமி என்றால் முனுசாமிதான். முனியன் அல்ல.